கஞ்சித் தொட்டிக்கு வராத வீடு

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்தே காற்று. ஆடி பிறக்க இன்னும் மூன்று நாள். அதற்குள் மாடிக் கொடியில் கிடந்த இரண்டு துண்டுகள் பக்கத்து வீட்டுக்குப் பறந்துவிட்டன.

செய்ய வேண்டியவை: மாவரைக்க. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை. பதினொன்றாம் வகுப்புத் தேர்வுத் தாள், பாதி பாக்கி. ஒலிப்பதிவுக் கருவிக்கு பேட்டரி. பச்சைப் பயறு.

இந்தப் பதிவு வேலையைப் பற்றி ஒழுங்காக எங்கும் எழுதி வைக்கவில்லை. இனி எழுத வேண்டும். மில் மூடிக் கிடந்த காலத்தில் எங்கள் பகுதிக் குடும்பங்கள் எப்படி வயிற்றைக் கழுவின, எதை விற்றன, யார் எங்கே கூலிக்குப் போனார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டுப் பதிவு செய்வது. பிறகு எங்கள் பள்ளிப் பெண்களை உட்கார வைத்துக் கேட்க வைப்பது. இதுவரை பதின்மூன்று பேர் பேசியிருக்கிறார்கள். என் வகுப்புப் பெண்கள் ஐந்து பேர் கேட்டுக் கேட்டு எழுதித் தருகிறார்கள். 25ஆம் தேதி வெள்ளிக்கிழமை பள்ளி அரங்கில் முதல் கேட்பு.

ஆரம்பித்தது வகுப்பில். மில் இருந்த இடத்தில் இப்போது என்ன என்று கேட்டேன். "அபார்ட்மென்ட் மிஸ்." அதற்கு முன்னால்? யாருக்கும் தெரியவில்லை. அவர்களில் இரண்டு பேரின் தாத்தா அந்த மில்லில் வேலை பார்த்தவர்.

தலைமையாசிரியை சிஸ்டர் இன்று கூப்பிட்டார். "நல்லா வந்த கதையா பாத்து எடுங்க டீச்சர். கஷ்டப்பட்டாங்க, முன்னேறினாங்க. பிள்ளைகளுக்கு ஊக்கமா இருக்கும்."

"முன்னேறாதவங்க, சிஸ்டர்?"

"அதுவும் இருக்கட்டும். கொஞ்சமா."

பிறகு, எழுத்தில் ஆதாரம் ஏதாவது உண்டா என்றார். இல்லை. குறிப்பாகக் கஞ்சித் தொட்டிக்கு. மில் மூடியதும் தொழிலாளிகளே தெருமுனையில் கொட்டகை போட்டு, எல்லா வீட்டுக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சி ஊற்றிய இடம் அது. அதைப் பற்றி ஒரு துண்டுச் சீட்டுகூட அகப்படவில்லை. ஏன் என்று புரியவில்லை.

எங்கள் வீடு அங்கே போனதில்லை. அம்மா சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தாள்: "அந்தப் பஞ்சத்துலயும் நாம கையேந்தல. உங்கப்பா கடைசி நாள் வரைக்கும் கம்பெனிக்கு அசைஞ்சு குடுக்கல." மில் மூடியபோது எனக்குப் பத்து வயது. அப்பா இறந்து பதினொரு வருடம்.


ஜூலை 15, செவ்வாய்

வெயில். பள்ளி விட்டதும் காளவாசல் கடைத்தெரு. பேட்டரி வாங்கினேன். பச்சைப் பயறு மறந்தேன்.

டைல்ஸ் கடைக்காரர் செந்தில் வரச் சொல்லியிருந்தார். அவருடைய அப்பா ராமசாமி ஐயா பேசியதுதான் ஒன்பதாம் பதிவு. மில் மூடியபின் அவர் நகரைத் தாண்டி, தெரிந்த முகம் இல்லாத ஊராகப் பார்த்து, கல்யாண வீடுகளில் எச்சில் இலை எடுக்கப் போயிருக்கிறார். மிஞ்சிய சோற்றை வாளியில் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் கொடுத்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புதான் அந்தப் பதிவில் தாங்க முடியாத இடம்.

செந்தில் உட்காரச் சொன்னார், டீ சொன்னார். பிறகு: "அழிச்சிருங்க டீச்சர். மகளுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம். எச்சி எலை எடுத்த குடும்பம்னு நாளைக்கு யாராவது சொன்னா?"

எங்கள் விதியைச் சொன்னேன். பேசியவர் சொன்னால்தான் அழிப்போம். மகன் சொல்லி இல்லை.

"அவருக்கு வெளி உலகம் தெரியாது."

"அவர் வாழ்ந்தது அவருக்குத் தெரியும்ல."

அவர் முகம் மாறிவிட்டது. "உங்க வீட்டுக் கதையா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

எங்கள் வீட்டில் மறைக்க எதுவும் இல்லை என்று சொன்னேன். நிமிர்ந்து நின்று சொன்னேன். டீ குடிக்காமல் வந்துவிட்டேன். அது தப்பு. குடித்திருக்கலாம்.


ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. ஒலிபெருக்கிகள் தொடங்கிவிட்டன. அதனால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பதிவு. வேர்த்துக் கொட்டியது.

பதினான்காம் பதிவு. பாண்டியம்மாள், எழுபத்திரண்டு வயது. கஞ்சித் தொட்டியில் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை காய்ச்சியவர். கணவர் கருப்பையா தொழிற்சங்கத்துக்காரர், இப்போது இல்லை. மகள் வீட்டு மாடியில் ஒற்றை அறை. நான் யாரென்று அவருக்குத் தெரியாது. "அமலி டீச்சர், பள்ளிக்கூடத்துலருந்து," என்று மட்டும் போனில் சொல்லியிருந்தேன்.

பேச வைக்கவே தேவையில்லை. அவரே தொடங்கினார். அரிசி எங்கிருந்து? கொட்டாம்பட்டிப் பக்கம் அறுப்பு நடக்கிற களத்துக்கெல்லாம் ஆண்கள் சாக்கோடு போய் நின்றார்களாம். ஆளுக்கு ஒரு மரக்கால், இரண்டு மரக்கால். "எங்க பயலுகளும் மில்லுல இருக்கான்யான்னு சொல்லி களத்துக்காரங்களே மூடையக் கட்டிக் குடுத்தாங்க. அரிசி பத்தாத நாளு குருணை. தொட்டுக்க வெங்காயம், இல்லாட்டி மோர் மொளகா. நானே உப்புப் போட்டுக் காயவப்பேன்."

யார் யார் வந்தார்கள் என்று ஏதாவது எழுதி வைத்தீர்களா என்று கேட்டேன்.

"எழுதக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு. பேரு எழுதுனா அது தருமக் கணக்கு ஆயிரும், நாளைக்கு எவனாவது எடுத்துக் காட்டுவான், வேணாம்னாரு. எம்புட்டுப் பேரு வந்தாலும் ஊத்து, யாருன்னு கேக்காத. அம்புட்டுதான்."

ஆகவேதான் துண்டுச் சீட்டு இல்லை. வேண்டுமென்றே இல்லை. சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். எழுதாமல் விட்டதே அவர்கள் செய்த மரியாதை. நினைவில் மட்டும் வைத்திருந்தார்கள்.

வராதவர்கள் யாராவது உண்டா என்று அடுத்த கேள்வி. எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

"ஒரே ஒரு வீடு. சவரிமுத்துன்னு, நூல் நூக்குற ரிங் பிரேம்ல இருந்தாரு."

என் அப்பா.

பாண்டியம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பெண்கள் எழுதித் தருவதற்கு முன்னால் என் கையால் எழுத வேண்டும்.

"மில்லத் தொறன்னு எல்லாரும் நின்னுக்கிட்டிருக்கயில, வேலைய விட்டுக் கணக்க முடிச்சிக்கிறேன்னு கம்பெனிப் பேப்பர்ல மொதக் கையெழுத்துப் போட்டது அவருதான். யாருக்கும் சொல்லாம போயிட்டாரு. அவரப் பாத்து இன்னும் நாப்பது பேரு போட்டாங்க. சங்கம் ஒடஞ்சிருச்சு. மில் லைன் வீட்டுல ஒருத்தரும் அவங்க மொகத்தப் பாக்கல. கையெழுத்துப் போட்டாரே ஒழிய காசு உடனே வரல, அங்கயும் பட்டினிதான். அவரு சம்சாரம் லூர்தக்கா தொட்டிக்கு எப்படி வரும்? நான் தூக்குவாளில ஊத்தி, மேல ஒரு துணியப் போட்டு, பின்வாசல்ல வச்சிட்டு வந்துருவேன். எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. ஏன்டீன்னு ஒரு நாளு கண்டுபிடிச்சிட்டாரு. அந்த வீட்டுல ஒரு பொட்டப் புள்ள இருக்கு, அது எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடலன்னேன். அப்பறம் அவரு ஒண்ணும் பேசல. ஒல்லியா ஒரு புள்ள. இப்ப எங்க இருக்கோ."

கருவி ஓடிக்கொண்டிருந்தது. "நல்லதும்மா, நாளைக்குக் கேட்டுட்டுப் பேசறேன்," என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஒன்று மட்டும். மோர் மிளகாய் எங்கள் வீட்டில் போட்டதே இல்லை. அம்மாவுக்குச் செய்யத் தெரியாது. ஆனால் சின்ன வயதில் நிறையத் தின்ற ஞாபகம் எனக்கு உண்டு. அது எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.


ஜூலை 18, வெள்ளி

இரண்டு பாடவேளை என்ன நடத்தினேன் என்று தெரியவில்லை.

மாலை அம்மாவிடம் பதிவைப் போட்டுக் காட்டினேன். முதலில் குரலைக் கேட்டதும் "பாண்டியம்மாவா?" என்று முகம் மலர்ந்தாள். கொட்டாம்பட்டி அரிசி வரை தலையாட்டிக்கொண்டே கேட்டாள். சவரிமுத்து என்ற பெயர் வந்ததும் எழுந்து ஸ்டூலைத் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்தே:

"அழிச்சிரு."

"அம்மா..."

"செத்த மனுசன எதுக்குத் தோண்டுறீக? ஊரு ஒலகத்துக்குப் போட்டுக் காட்டணுமா? உனக்கு இதுக்குத்தானா சம்பளம்?"

கடைசி நாள் வரை அப்பா அசையவில்லை என்று ஏன் சொன்னாய் என்று கேட்டேன். பால் பொங்கி வழிந்தது. துடைத்தாள்.

நானே அழித்துவிடலாம். ஒரு பொத்தான். யாருக்கும் தெரியாது, பாண்டியம்மாளுக்குக்கூட நான் யாரென்று தெரியாது. அரை மணி நேரம் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணுக்குள் செந்தில் முகம்.

அழிக்க மாட்டேன். அதை இங்கே எழுதிவிடுகிறேன், எழுதினால் மாற மாட்டேன். பேசியது பாண்டியம்மாள். அவர் சொன்னால் மட்டும்.


ஜூலை 19, சனி

அம்மா பேசவில்லை. தோசை தனியாக, காபி தனியாக. ஜெபமாலை வழக்கத்தைவிடச் சத்தமாக.

தாள்கள் திருத்தி முடித்தேன். மாவு புளித்துவிட்டது. பிரஷர் மாத்திரையை மேசையில் வைத்தேன், போட்டுக்கொண்டாள்.

செந்திலுக்கு போன் செய்தேன். அன்றைக்கு உங்களிடம் சொன்னது பொய்யாகிவிட்டது, எங்கள் வீட்டிலும் இருக்கிறது என்றேன். என்னவென்று சொன்னேன். "என்ன பண்ணப் போறீங்க?" என்றார். இன்னும் தெரியாது, ஆனால் அழிக்கப் போவதில்லை என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான்.


ஜூலை 20, ஞாயிறு

எட்டு மணிப் பூசை. திரும்பி வரும்போது தெருமுனையில் அம்மா நின்றுவிட்டாள். காற்றில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்:

"அவ வீடு எங்க இருக்கு இப்ப?"

ஆட்டோ பிடித்தோம். மாடிப்படி பதினெட்டு. அம்மா நாலு தடவை நின்று ஏறினாள். வேண்டாம் திரும்பிவிடலாம் என்றதற்கு முறைத்தாள்.

பாண்டியம்மாள் கதவைத் திறந்து முதலில் என்னைப் பார்த்தார். "வாங்க டீச்சர்." பிறகு பின்னால் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம்.

"லூர்தக்காவா?"

"நாந்தான்."

"அப்ப இந்த டீச்சரு?"

"அந்த ஒல்லிப் பிள்ளதான்," என்றாள் அம்மா.

பாண்டியம்மாள் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் தாயி அன்னைக்கே சொல்லல? தெரிஞ்சிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனே." அதனால்தான் சொல்லவில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நேர்மையான காரணமும் அது இல்லை. நாக்கு எழவில்லை, அதுதான் உண்மை.

இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள். முதல் கால் மணி நேரம் முட்டி வலி, கண் ஆபரேஷன், யார் யார் செத்தது. நான் கீழே போய் டீ வாங்கி வந்தேன். திரும்பி வரும்போது பேச்சு அங்கே வந்துவிட்டிருந்தது.

பாண்டியம்மாள்: "நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுக்கா. அந்த எடத்த மட்டும் எடுத்துருங்கன்னு டீச்சர்ட்ட சொல்லிர்றேன். என் வாயால வந்தது, நானே திரும்ப எடுத்துக்கிறேன். எனக்கு என்ன போச்சு?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் சொன்னால் அழிக்க வேண்டும். விதி என்னுடையது. டீ கிளாசைப் பிடித்தபடி நின்றேன்.

அம்மா பாண்டியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னிடம்: "அந்தப் பெட்டி இருக்கா? கொண்டாந்தியா?"

கைப்பையில் இருந்தது. ஆன் செய்து கட்டிலில் வைத்தேன். பதினைந்தாம் பதிவு. அம்மா அதைப் பார்த்துப் பேசவில்லை, பாண்டியம்மாளைப் பார்த்துத்தான் பேசினாள்.

"கையெழுத்துப் போட்டது வாஸ்தவம். காரணம் கேட்டா என்ன சொல்ல? பிள்ளைக்குக் காச்சல், அம்மாவுக்குச் சீக்கு, அதெல்லாம் ஒண்ணுமில்ல. பயந்துட்டாரு. அம்புட்டுதான். நல்ல மனுசன்தான், பயந்துட்டாரு. வந்து எங்கிட்டச் சொல்லிட்டு மூணு நாளு படுத்தே கிடந்தாரு. அந்தத் தெருவுல நடக்கணும்ல, நாந்தான் நடந்தேன். தண்ணிக் கொழாய்க்குப் போனா எல்லாரும் கொடத்தத் தூக்கிட்டு ஒதுங்கிருவாங்க. யாரையும் கொற சொல்ல முடியுமா? அவங்க புள்ளைகளும் பட்டினிதான. நீ வச்ச தூக்குவாளிய மொத நாளு எடுக்கல. பூன வந்து தட்டி விட்டுருச்சு. ரெண்டாம் நாளு எடுத்தேன். அவருக்கு வைக்கல. பிள்ளைக்கு ஊத்திட்டு மிச்சத்த நான் குடிச்சேன். அவரு கேக்கவும் இல்ல. அந்த வாளியக் கழுவி வைப்பேன், நீ எடுத்துட்டுப் போவ. ஒரு வார்த்த பேசினதில்ல நாம. ஏன் பாண்டியம்மா, ஒரு நாளாச்சும் கதவத் தட்டியிருக்கலாம்ல?"

"நீ தொறந்திருப்பியாக்கா?"

"மாட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். நான் கருவியை அணைக்கவில்லை. அணைக்கலாமா என்று கேட்டேன். அம்மா: "ஓடட்டும். அவளச் சொல்ல விடாத, நான் சொன்னதப் போடு. நம்ம வீட்டு விசயத்த நாமதான் சொல்லணும்."

கிளம்பும்போது பாண்டியம்மாளும் சொல்லிவிட்டார்: "அப்ப என்னோடதும் இருக்கட்டும். ரெண்டையும் சேத்துப் போடுங்க."

வீட்டுக்கு வந்ததும் அம்மா தூங்கிவிட்டாள். பச்சைப் பயறு வாங்கினேன், கடைசியாக.


ஜூலை 22, செவ்வாய்

தூறல் மாதிரி வந்து ஏமாற்றிவிட்டது.

காலையில் ராமசாமி ஐயாவின் போன். குரல் சின்னதாக. "அழிச்சிரு தாயி. மகன் ஒண்ணும் வைய்யல, கெஞ்சுறான். பேத்தி கல்யாணம் முடியட்டும். அதுக்குப் பெறகு நீ வா, நான் இருந்தா திரும்பச் சொல்றேன்."

இருந்தால்.

ஒன்பதாம் பதிவை அழித்தேன். அவர் சொன்னார், அழித்தேன். எழுதித் தந்த தாளையும் கிழித்தேன். அந்தச் சிரிப்பு போய்விட்டது. மேலே அதைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை, ஆனாலும் பேனாவை எடுத்து அடிக்கப் போனேன். அடிக்கவில்லை. சரியா தெரியவில்லை.

சிஸ்டரிடம் பதினான்கையும் பதினைந்தையும் போட்டுக் காட்டினேன். "இது உங்க குடும்பம்ல," என்றார். ஆமாம் என்றேன். "ஊக்கம் தர்ற மாதிரி..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். போட்டால் முழுசாகப் போடுவோம், இல்லையென்றால் என் வீட்டு வாசலில் பாய் விரித்துப் போடுவேன் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் சிரித்தார். "அரங்கத்துலயே போடுங்க. பாய் மட்டும் நீங்க கொண்டு வாங்க, பெஞ்சு பத்தாது."

பாய்: பள்ளி விடுதியில் பன்னிரண்டு, கோயிலில் கேட்க.


ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. ரோடு முழுக்கக் கூட்டம். அழகர்கோவில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். அம்மாவையும் பாண்டியம்மாளையும் ஒரே ஆட்டோவில் கூட்டி வந்தேன். வழி நெடுகச் சண்டை: கஞ்சிக்குச் சீரகம் போட்டதா இல்லையா.

பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகள். மின்விசிறிச் சத்தம் தொந்தரவு, அணைக்கச் சொன்னேன். நூற்றுக்கு மேல் பெண்கள் வேர்வையில் உட்கார்ந்து கேட்டார்கள். முதல் பத்து நிமிடம் நெளிந்தார்கள், கிசுகிசு. பாண்டியம்மாள் குரல் வந்ததும் அடங்கியது. "பயந்துட்டாரு, அம்புட்டுதான்" என்று அம்மா குரல் சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. கதவருகே செந்தில். கடைசி வரை இருக்கவில்லை, ஆனால் வந்திருந்தார்.

முடிந்ததும் கேள்விகள். ஒருத்தி எழுந்து அம்மாவிடம், "அதை வாங்கிச் சாப்பிட வெக்கமா இல்லையா பாட்டி?"

நான் பதறினேன். அம்மா பதறவில்லை. "இருந்துச்சு. சாப்பிட்டதுக்கு இல்ல. சாப்பிட்டேன்னு இத்தன வருசமா சொல்லாம இருந்ததுக்குத்தான் இப்ப வெக்கமா இருக்கு."

அரங்கம் காலியானது. பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கவிப்ரியா வந்து மறுமுனையைப் பிடித்தாள். பதினொன்றாம் வகுப்பு, மேலூரைத் தாண்டி ஏதோ கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வகுப்பில் பேசியே கேட்டதில்லை.

"மிஸ், இது ரெக்கார்டு ஆகுதா?"

"இல்லம்மா."

"நான் மத்தியானம் வெரதம்னு சொல்லுவேன்ல எல்லார்ட்டயும். வெள்ளிக்கிழமை, செவ்வாக்கெழமை, அமாவாசைன்னு."

"ஆமா."

"வெரதம் இல்ல மிஸ். அப்பா வேலை பாத்த கம்பெனிய மூடி அஞ்சு மாசமாச்சு."

பாயைக் கீழே வைத்தேன். அவள் வைக்கவில்லை, பிடித்தபடியே நின்றாள். அழவும் இல்லை. யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். "இப்பத்தான் மிஸ் மொதல்ல சொல்றேன்." பிறகு, தெளிவாக: "என்னை மாதிரி இன்னும் இருக்காங்க. பேரு சொல்ல மாட்டேன்."

பத்தாம் வகுப்போடு சத்துணவு நின்றுவிடுகிறது. இருபத்தாறு வருடமாகப் பதினொன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். மதியம் யார் சாப்பிடுகிறார்கள், யார் குழாயடியில் நிற்கிறார்கள் என்று ஒரு நாள் திரும்பிப் பார்த்திருக்கிறேனா?

அவளை அம்மாவோடும் பாண்டியம்மாளோடும் உட்கார வைத்து, இருந்த பன்னையும் வாழைப்பழத்தையும் கொடுத்துவிட்டு நேராக சிஸ்டர் அறைக்குப் போனேன். உட்காரவில்லை. திங்கள்கிழமையிலிருந்து மேல் வகுப்புப் பெண்களுக்கு மதியச் சாப்பாடு, விடுதிச் சமையலறையில் சேர்த்துச் சமைக்கலாம் என்றேன். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தன பேருக்கு டீச்சர்?"

"தெரியாது சிஸ்டர். பெரிய பானையா ஏத்தச் சொல்லுங்க."